துணி காயப்போடும் கயிறு, கிளிப், கொக்கி: மும்பை வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாராவி 90 அடி சாலைப் பக்கம் என் அப்பா தொடங்கிய வீட்டுச் சாமான் கடையை இப்போது நான் நடத்தி வருகிறேன். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து இங்கேயே வேரூன்றிவிட்ட குடும்பங்களும், சயான், மாட்டுங்கா, செம்பூர் பக்கமிருந்து வரும் தமிழ்க் குடும்பங்களும் எங்கள் கடையில் நின்று அதிக நேரம் விசாரிப்பது குக்கரைப் பற்றியோ மிக்ஸியைப் பற்றியோ அல்ல. கொடிக்கயிறு, கிளிப், ஹேங்கர், கொக்கி ஆகியவற்றைப் பற்றித்தான். சின்னச் சாமான்தானே என்று அவசரத்தில் வாங்கிப் போனவர்கள், துருக்கறை படிந்த வெள்ளை வேட்டியோடும் அறுந்த கயிற்றோடும் திரும்பி வருவதைப் பல மழைக்காலங்களாகப் பார்த்து வருகிறேன். அவர்கள் கேட்ட கேள்விகளையும், எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்கள் வீட்டில் வெயிலே விழாது. துணி எப்படிக் காயும்?

வெயில் இல்லாமலும் துணி காயும். காற்று இல்லாமல்தான் காயாது. ஈரத்துணியை ஒட்டி இருக்கும் காற்று சிறிது நேரத்திலேயே ஈரத்தால் நிறைந்துவிடும். அந்தக் காற்று நகர்ந்து போய் வேறு காற்று வந்தால்தான் துணியிலிருந்து மேற்கொண்டு நீர் ஆவியாகும். வெயிலில் சீக்கிரம் காய்வதற்குக் காரணம், வெயில் துணியைச் சூடாக்கி ஆவியாதலை விரைவுபடுத்துவதுதான். ஆனால் நெருக்கியடித்துப் போட்ட துணி வெயிலிலும் உள்மடிப்பில் ஈரமாகவே இருப்பதை எல்லோரும் பார்த்திருப்போம்.

மும்பைக்கு மழை வந்து சேரும் வழக்கமான நாள் ஜூன் 11. அன்று முதல் செப்டம்பர் கடைசி வரை காற்றே ஈரமாக இருப்பதால், கூடுதல் ஈரத்தை வாங்கிக்கொள்ள அதில் இடம் குறைவு. குடிசை மறுவாழ்வுத் திட்டத்தில் கட்டிய கட்டடங்களில் 269 அல்லது 300 சதுர அடி வீடு கிடைத்தவர்களுக்கு இன்னொரு சிரமமும் உண்டு. அவற்றில் பல வீடுகளின் ஜன்னல், பக்கத்துக் கட்டடத்துச் சுவரைப் பார்த்தே திறக்கிறது. இப்படிப்பட்ட வீட்டில், ஒரு துணிக்கும் அடுத்த துணிக்கும் இடையில் குறைந்தது நான்கு விரல் இடைவெளி விட்டு, மின்விசிறிக் காற்று துணியின் தட்டையான பக்கத்தில் மோதாமல் துணிகளுக்கு நடுவே ஊடுருவிப் போகும்படி தொங்கவிட வேண்டும். கயிறு, கிளிப், ஹேங்கர் என எதை வாங்கினாலும் அது இந்த இடைவெளிக்கு உதவுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். கீழே நான் சொல்லும் பதில்களில் பெரும்பாலானவை இந்த ஒரு கணக்கிலிருந்து பிறந்தவைதான்.

கொடிக்கு எந்தக் கயிறு நல்லது?

கடைகளில் "நைலான் கயிறு" என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பது பல நேரங்களில் நைலான் அல்ல. பாலிப்புரொப்பிலீன் என்ற வேறு பிளாஸ்டிக். பளபளப்பான நீலம், பச்சை, மஞ்சள் நிறங்களில், தொட்டால் சற்றுச் சொரசொரப்பாக இருப்பது பெரும்பாலும் அதுதான். இரண்டையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. ஒரு விரல் நீளத் துண்டை வெட்டி, நீருக்குள் அமுக்கி, ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழிகளைத் தேய்த்து நீக்கிவிட்டுக் கையை எடுங்கள். பாலிப்புரொப்பிலீன் நீரைவிட இலேசானது, ஆகவே மிதக்கும். நைலான் நீரைவிடக் கனமானது, ஆகவே மூழ்கும்.

பாலிப்புரொப்பிலீன் நீரை உறிஞ்சாது, மழையில் நனைந்தாலும் நீளாது. அதன் பலவீனம் வெயில். பாதுகாப்பு மருந்து சேர்க்காமல் செய்த மலிவுக் கயிறு, மேற்கு பார்த்த ஜன்னலில் ஒரு கோடையைத் தாண்டுவதற்குள் வெளுத்து, விரலால் உருவினால் வெள்ளைத் தூளாக உதிரத் தொடங்கும். தூள் கையில் ஒட்டிவிட்டால் அந்தக் கயிற்றை அன்றே மாற்றிவிடுங்கள். நைலான் வலிமையானது, ஆனால் நீரை உறிஞ்சி நீளும். காலையில் விறைப்பாகக் கட்டிய கொடி ஈரத்துணி போட்டதும் தொய்ந்துபோவதற்கு அதுவும் ஒரு காரணம். பாலியெஸ்டர் நூலில் பின்னிய கயிறு கிடைத்தால், விலை சற்று அதிகமானாலும் அதை வாங்கச் சொல்வேன். அது நைலான் அளவுக்கு நீளாது, வெயிலையும் நன்றாகத் தாங்கும்.

தேங்காய் நார்க் கயிற்றில் வெள்ளைத் துணி போட்டால் பழுப்புக்கறை ஏறும். பருத்திக் கயிறு மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். இவை இரண்டையும் கொடிக்கு நான் கொடுப்பதில்லை.

நைலான், பாலிப்புரொப்பிலீன், பாலியெஸ்டர் ஆகிய மூன்றையும் வெட்டிய பிறகு, முனையைத் தீக்குச்சிச் சுடரில் ஒரு நொடி காட்டினால் உருகி ஒட்டிக்கொள்ளும், இழை பிரியாது. உருகிய முனையை விரலால் அழுத்தாதீர்கள். சூடான பிளாஸ்டிக் தோலோடு ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுட்டுவிடும்.

பிளாஸ்டிக் உறை போட்ட இரும்புக் கம்பியைக் கொடியாகக் கட்டலாமா?

வீட்டுக்குள் சுவருக்குச் சுவர் கட்டலாம். சந்துக்குக் குறுக்கே, ஜன்னலுக்கு வெளியே, மின்கம்பி போகும் இடத்துக்கு அருகில் கட்டவே கூடாது. இதை நான் கடையில் ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன். சந்தில் கட்டத்தான் என்று சொல்பவர்களுக்குக் கம்பியைக் கொடுப்பதில்லை.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டு வாசலில் அப்படி ஒரு கம்பிக் கொடி இருந்தது. கொக்கியில் உராயும் இடத்தில் அதன் பச்சை உறை கிழிந்து, உள்ளே இருந்த இரும்பு தெரியத் தொடங்கியிருந்தது. ஒரு மழை நாளில் அம்மா துண்டை எடுக்கக் கை வைத்தபோது விறுவிறுவென்று இழுத்ததாகச் சொன்னார். எதிர்வீட்டுக்குப் போன மின்கம்பியின் இற்றுப்போன உறை அந்தக் கொடியின் மேல் உரசிக்கொண்டிருந்ததை அப்பா அன்று மாலைதான் கண்டுபிடித்தார். அம்மா காலில் ரப்பர்ச் செருப்பு போட்டிருந்ததால் அது அதிர்ச்சியோடு போயிற்று.

கம்பியின் மேல் இருக்கும் பிளாஸ்டிக் உறை துருப்பிடிக்காமல் இருப்பதற்காகப் போடப்பட்டது. மின்சாரத்திலிருந்து காப்பதற்காக அல்ல. இரண்டு முனையிலும் இரும்பு வெளியே நீட்டிக்கொண்டுதான் இருக்கும். மீட்டர் பெட்டி, கேபிள் கம்பி, ஏசியின் வெளிப்பெட்டியைத் தாங்கும் சட்டம், தெருவிளக்குக் கம்பம் ஆகிய எதிலும் எந்தக் கொடியையும் கட்டாதீர்கள். நனைந்த நூல் கயிறும் மின்சாரத்தைக் கடத்தும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கொடியில் கை வைத்தவரை மின்சாரம் பிடித்துவிட்டால், அவரைத் தொடாமல் முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும்.

கொடியை எவ்வளவு விறைப்பாக இழுத்துக் கட்ட வேண்டும்? ஆணி பிடுங்கிக்கொண்டு வந்துவிடுகிறதே?

விறைப்பு கூடக் கூட ஆணி தாங்க வேண்டிய இழுவையும் கூடும் என்பதுதான் இதற்குக் காரணம். ஒரு கணக்கைப் பார்க்கலாம். 3 மீட்டர் நீளக் கொடியின் நடுவில் 6 கிலோ ஈரத்துணி தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கொடி நடுவில் 10 செ.மீ. மட்டுமே தொய்கிறது என்றால், ஒவ்வொரு பக்கத்து ஆணியையும் ஏறக்குறைய 45 கிலோ எடைக்குச் சமமான விசை இழுக்கும். அதே கொடி 30 செ.மீ. தொய்ந்தால் அந்த இழுவை ஏறக்குறைய 15 கிலோவாகக் குறைந்துவிடும். துணியின் எடை மாறவில்லை; கயிற்றின் சாய்வு மட்டுமே மாறியிருக்கிறது.

ஆகவே, வீணைத் தந்தி மாதிரி இழுத்துக் கட்டுவது கெட்டிக்காரத்தனம் அல்ல. ஓரளவு தொய்வு இருக்கட்டும். தொய்வினால் துணிகள் எல்லாம் நடுவுக்குச் சரிந்து வந்து ஒட்டிக்கொள்கின்றன என்பதுதான் உங்கள் கவலை என்றால், கயிற்றில் ஒரு சாண் இடைவெளிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, ஹேங்கரின் கொக்கியை முடிச்சுக்கு மேட்டுப்பக்கமாக மாட்டுங்கள், அது சரியாது. கனமான ஜீன்ஸையும் போர்வையையும் சுவருக்கு அருகிலும், இலேசான துணியை நடுவிலும் போட்டாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

சுவரில் வெறும் ஆணி அடிக்காமல், துளையிட்டு பிளாஸ்டிக் பிளக் செருகித் திருகுக் கொக்கி போடுங்கள். பூச்சில் மட்டும் பிடித்திருக்கும் கொக்கி நிற்காது. செங்கல்லோ கான்கிரீட்டோ வரும்வரை துளை உள்ளே போக வேண்டும்.

எந்த கிளிப் வாங்குவது? மரமா, பிளாஸ்டிக்கா, ஸ்டீலா?

பக்கத்து வீட்டு மராத்திக்காரர்கள் சிம்டா என்று சொல்லும் இந்தச் சாமானுக்கு நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த டேவிட் எம். ஸ்மித் என்பவர் 1853-இல் இரண்டு மரக்குச்சிகளை ஸ்பிரிங்கால் இணைத்த கிளிப்புக்குக் காப்புரிமை பெற்றார். அதே மாநிலத்தின் சோலன் ஈ. மூர் 1887-இல் ஸ்பிரிங்கைச் சுருளாக்கி, அந்தச் சுருளே நெம்புகோலின் தாங்குமையமாக இருக்கும்படி அமைத்தார். இன்று நாம் வாங்கும் மரக் கிளிப் ஏறக்குறைய அந்த அமைப்புதான். பின்பக்கத்தை அழுத்தினால் வாய் திறக்கிறது, விட்டால் சுருள் தன் பழைய நிலைக்குத் திரும்ப முயன்று துணியைக் கவ்வுகிறது. கிளிப்பின் உயிர் அந்தச் சுருளில்தான் இருக்கிறது. மரமும் பிளாஸ்டிக்கும் வெறும் கைப்பிடிதான்.

மரக் கிளிப் துணியில் மென்மையாகப் பிடிக்கும், வெயிலில் நொறுங்காது. ஆனால் மும்பை மழையில் இரவும் பகலும் கொடியிலேயே கிடந்தால் ஊறிக் கறுத்து, வெள்ளைத் துணியில் சாம்பல் தடம் விடும். பிளாஸ்டிக் கிளிப் நனைந்தால் கவலையில்லை. வெயிலில்தான் அது சாகும். ஒரே பிளாஸ்டிக்கில் வெளிர்நிறக் கிளிப்பைவிடக் கறுப்பு நிறக் கிளிப் பொதுவாக அதிக நாள் உழைக்கும், ஏனென்றால் அதில் சேர்க்கும் கரித்தூள் வெயிலின் புற ஊதாக் கதிர்களை உள்ளே விடாமல் தடுக்கிறது. அழகுக்காக வெளிர் ரோஜா நிறத்தைக் கேட்பவர்களிடம் இதைச் சொல்வது என் வழக்கம்.

ஒரே கம்பியை வளைத்துச் செய்யும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிளிப்புகளை நான் பெரிதும் மதிக்கிறேன். தனியாக ஸ்பிரிங் கிடையாது, கழன்று போக எதுவும் இல்லை. விலை பல மடங்கு அதிகம். பத்து வாங்கினாலும் பரவாயில்லை, நல்லதாக வாங்குங்கள். மெல்லிய கம்பியில் செய்தது ஜீன்ஸின் இடுப்புப்பட்டையைப் பிடிக்காது. மாஹிம் கழிமுகத்திலிருந்து வரும் உப்புக்காற்றில் மட்டமான ஸ்டீலும் புள்ளிபுள்ளியாகத் துருப்பிடிக்கும்.

நல்ல ஸ்டீலா என்று காந்தம் வைத்துப் பார்த்தால் போதாதா?

போதாது. பாத்திரத்தகடாக இருக்கும்போது காந்தத்தில் ஒட்டாத நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும், கம்பியாக இழுத்து வளைக்கும்போது சற்றே ஒட்டத் தொடங்கும். காந்தம் ஒட்டியதென்று நல்ல கிளிப்பைத் தள்ளிவிட வேண்டாம். ஒரு கிளிப்பை வாங்கி, உப்புநீரில் நனைத்த காகிதத்தில் சுற்றி இரண்டு இரவு வைத்துப் பாருங்கள். காகிதத்தில் செம்பழுப்பு நிறம் தெரிந்தால், அது உங்கள் வேட்டியிலும் தெரியும்.

மரக் கிளிப் இரண்டாகக் கழன்று விழுந்துவிட்டது. மறுபடி மாட்ட முடியுமா?

முடியும், ஒரு நிமிட வேலைதான். முதலில் இரண்டு மரத்துண்டுகளையும் ஸ்பிரிங்கையும் மேசையில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு மரத்துண்டின் உட்புறத்திலும் சுருள் உட்காருவதற்கு ஓர் அரைவட்டக் குழி இருக்கும்; வெளிப்புறத்தில், வாய்ப்பக்கமாகச் சற்று முன்னே தள்ளி, கம்பி உட்காருவதற்கு மெல்லிய பள்ளம் ஒன்று இருக்கும். ஸ்பிரிங்குக்கு ஒரு சுருளும், அதிலிருந்து கிளம்பும் இரண்டு கைகளும் உண்டு.

ஒரு மரத்துண்டை இடக்கையில் பிடித்து, சுருளை உட்குழியில் வைத்து, ஸ்பிரிங்கின் ஒரு கையை அதே துண்டின் வெளிப்பள்ளத்தில் மாட்டுங்கள். இப்போது அந்தத் துண்டு தானாகவே நிற்கும். அடுத்து, ஸ்பிரிங்கின் மறுகையைக் கட்டைவிரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இரண்டாவது துண்டை வாய்ப்பக்கம் முன்னே வரும்படி அந்தக் கைக்கும் சுருளுக்கும் நடுவே மெல்லத் தள்ளுங்கள். குழி சுருளுக்கு நேராக வந்ததும் "டக்" என்ற ஒலியோடு உட்காரும். இதைச் செய்யும்போது முகத்தைக் குனிந்து பார்க்காதீர்கள்; ஸ்பிரிங் தெறித்தால் கண்ணில் படும்.

அடிக்கடி கழன்றுகொண்டே இருந்தால், வாயைத் தேவைக்கு மேல் அகலமாகத் திறக்கிறீர்கள் என்றோ, மரம் ஊறிக் குழி தேய்ந்துவிட்டது என்றோ பொருள். குழி தேய்ந்த துண்டை விட்டுவிட்டு ஸ்பிரிங்கை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

ஒரு வீட்டுக்கு எத்தனை கிளிப் போதும்?

நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 3 டஜன். சட்டையையும் ரவிக்கையையும் ஹேங்கரில் போடுபவர்களுக்கு 2 டஜனே மிச்சம். அடுத்தடுத்த இரண்டு துணிகளுக்கு நடுவில் ஒரே கிளிப்பைப் போட்டுச் சிக்கனம் செய்ய வேண்டாம். துணிகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் அந்த மூலைதான் கடைசிவரை காயாமல் இருக்கும்.

எட்டு முழ வேட்டியும் சேலையும் எங்கள் பால்கனியில் அடங்குவதில்லை. என்ன செய்வது?

மும்பைத் தமிழ் வீடுகளில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான், ஏனென்றால் இதற்கு வேலை செய்யும் ஒரு விடை உண்டு. எட்டு முழ வேட்டி ஏறக்குறைய 3.6 மீட்டர் நீளம். சேலை ஐந்தரை மீட்டர். மடிசார் கட்டும் ஒன்பது கஜம் 8 மீட்டரையும் தாண்டும். இங்கே பல வீடுகளில் ட்ரை பால்கனி (துணி துவைக்கவும் காயப்போடவும் விடும் சிறு பால்கனி) என்று விற்கப்படும் இடமே 2 மீட்டர் நீளம் இருந்தால் அதிகம். ஆகவே எல்லோரும் வேட்டியை நான்காக மடித்து ஒரே கொடியில் போடுகிறார்கள். நான்கு மடிப்பும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. வெளிப்பக்கம் காய்ந்து, உள்மடிப்பு மறுநாள் காலையிலும் சில்லென்று இருக்கிறது.

ஒரு கொடிக்குப் பதிலாக, ஒன்றுக்கொன்று இணையாக ஒரு முழ இடைவெளியில் இரண்டு கொடிகள் கட்டுங்கள். வேட்டியை அகலவாக்கில் இரண்டாக மடித்து, முதல் கொடியின் மேல் போட்டு, இரண்டாவது கொடிக்கும் மேலாக எடுத்துப் போய் மறுபுறம் தொங்கவிடுங்கள். பந்தல் போட்டது போல நடுவில் ஒரு முழ வெளி கிடைக்கும்; அதற்குள் காற்று புகுந்து இரு பக்கத்திலும் ஈரத்தை எடுத்துச் செல்லும். சேலைக்கு மூன்று கொடிகள் இருந்தால், மேலும் கீழுமாக அலை அலையாக வளைத்துப் போடலாம். இரண்டாவது கயிற்றுக்கும் அதற்கான இரண்டு கொக்கிகளுக்கும் ஆகும் செலவு மிகக் குறைவு. அந்தச் செலவில் மழைக்காலத்து ஈரவாடை பாதி தீர்ந்துவிடும்.

கிளிப்பை வேட்டியின் கரையில் போடாதீர்கள். கரை தடிமனாக இருப்பதால் கிளிப் நழுவும், ஜரிகையும் நசுங்கும். கரைக்கு இரண்டு விரல் உள்ளே தள்ளிப் போடுங்கள். பட்டுக்குக் கிளிப்பே வேண்டாம். நிழலில், தடித்த குழாயின் மேல் பழைய துண்டு ஒன்றை விரித்து, அதன்மேல் போட்டால் போதும்.

சட்டையிலும் பனியனிலும் கிளிப் தடம் விழுகிறதே?

சட்டையைத் தலைகீழாக, கீழ்விளிம்பைப் பிடித்துத் தொங்கவிட்டால் தடம் காற்சட்டைக்குள் மறைந்துபோகும். கால்சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, இடுப்புப்பட்டையைப் பிடித்துப் போடுங்கள். பை காய்வதற்கு நேரமாகும் என்பதால் அது வெளியே இருக்க வேண்டும். சாயமும் வெயிலில் வெளுக்காது. கம்பளி ஸ்வெட்டரைத் தொங்கவிட்டால் ஈரத்தின் எடையிலேயே இழுபட்டு நீளும். அதைத் தட்டையாக விரித்துத்தான் காயவைக்க வேண்டும். எதைக் கொடியில் போடும் முன்பும் இரண்டு முறை பலமாக உதறுங்கள். இஸ்திரி போடும் வேலை அதிலேயே பாதி குறையும்.

கிளிப்பே இல்லாமல் தோபி காட்டில் எப்படிக் காயப்போடுகிறார்கள்?

மகாலட்சுமி ரயில் நிலையத்துப் பாலத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி வராமல் இருக்காது. 1890-இல் அமைந்த அந்தச் சலவைத்துறையில் வெள்ளை விரிப்புகளும் மருத்துவமனைத் துணிகளும் வரிசை வரிசையாகத் தொங்குகின்றன. அங்குள்ள கொடி ஒற்றைக் கயிறு அல்ல. இரண்டு கயிறுகளை ஒன்றோடொன்று முறுக்கிக் கட்டியது. முறுக்கைச் சற்றே பிரித்து, துணியின் மூலையை இரண்டு கயிறுகளுக்கு நடுவே செருகினால், துணியின் எடையும் கயிற்றின் இறுக்கமும் சேர்ந்து அதைக் கவ்விக்கொள்ளும். நம் ஊர் வண்ணார் துறைகளிலும் இந்த முறுக்குக் கொடி உண்டு. பழைய கயிறு இரண்டு இருந்தால் வீட்டிலும் செய்யலாம். கைக்குட்டை, துண்டு, குழந்தைத் துணி ஆகியவற்றுக்கு இது மிகப் பொருத்தம். துருக்கறை பற்றிய பேச்சே இல்லை.

துருக்கறை ஏற்கெனவே பட்டுவிட்டது. போகுமா?

புதிய கறை என்றால் போகும். எலுமிச்சைச்சாறும் உப்பும் சேர்த்துத் தேய்த்து, ஒரு மணி நேரம் வெயிலில் வைத்து, நன்றாக அலசுங்கள். ஒரே முறையில் போகாவிட்டால் மறுபடி செய்யுங்கள். குளோரின் ப்ளீச்சைத் தொடவே வேண்டாம், அது துருவை மேலும் அழுத்தமாகப் பதியவைத்துவிடும். சாயத்துணியில் எலுமிச்சையை முதலில் ஓர் உள்மூலையில் சோதித்துப் பாருங்கள்.

மேலே ஏற்றி இறக்கும் கப்பி ஹேங்கர் எங்கள் வீட்டுக்கு ஒத்துவருமா?

கூரை எதனால் ஆனது என்பதைப் பொறுத்தது. கான்கிரீட் கூரை என்றால் தாராளமாக மாட்டலாம். நான்கு முதல் ஏழு அடி நீளத்தில் ஆறு குழாய்கள், ஒவ்வொன்றையும் தனித்தனியே இறக்கி ஏற்றத் தனித்தனிக் கயிறு என்று வருவதே வழக்கம். ஈரத்துணியைத் தலைக்கு மேலே ஏற்றிவிடுவதால் நடமாட்டத்துக்கு இடைஞ்சல் இல்லை. வீட்டின் சூடான காற்றும் மேலேதான் இருக்கும். பி.ஓ.பி. (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) பூச்சுக்கூரையில் மாட்டினால் கூரையோடு பெயர்ந்து விழும். திருகு அதைத் தாண்டி உண்மையான கான்கிரீட்டில் இறங்க வேண்டும்.

தகரமோ சிமென்ட் ஷீட்டோ போட்ட வீட்டில் கூரையில் துளை போடவே கூடாது. மழை ஒழுகும் என்பது ஒன்று. சிமென்ட் ஷீட்டுகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும். அதைத் துளையிட்டால் எழும் தூசு நுரையீரலுக்குக் கேடு என்பது மற்றொன்று. அப்படிப்பட்ட வீட்டில் சுவருக்குச் சுவர் ஓர் இரும்புக் குழாயைப் பதித்து, அதிலேயே ஹேங்கர்களை மாட்டிவிடலாம்.

கப்பியில் உராயும் இடத்தில் கயிறு பஞ்சு பஞ்சாகப் பிரிகிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். தொங்கும் கயிற்று முனைகளைச் சுவர்க்கொக்கியில், குழந்தையின் கை எட்டாத உயரத்தில் சுற்றி வையுங்கள். கழுத்தில் மாட்டிக்கொள்ளும் ஆபத்து உண்மையானது. இந்த ஒன்றை மட்டும் நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள்.

பாட்டி காலத்து மடிக்கோல் இப்போதும் கிடைக்குமா?

மாட்டுங்காவின் பழைய அடுக்குமாடி வீடுகளில், கூரையை ஒட்டி மூங்கில் கட்டி, குளித்தவர் மட்டும் தொடும் மடித்துணியைக் கோலால் ஏற்றி இறக்கும் வழக்கம் இருந்தது. அந்தக் கோல் என்று தனியாக இப்போது யாரும் கேட்பதில்லை. ஆனால் ஐந்தடி மூங்கிலின் முனையில் ஒரு சிறு கவை இருந்தால் அதுவேதான். மடி பார்க்காதவர்களும் ஒன்று வைத்துக்கொள்ளலாம். ஜன்னல் கிரிலுக்கு வெளியே உடலை வளைத்து எட்டிப் பார்ப்பதையும், ஸ்டூல் மேல் ஏறி நிற்பதையும் அது தவிர்க்கும்.

மழைக்காலத்தில் துவைத்த துணியிலேயே நாற்றம் வருகிறது. சோப்பை மாற்றினால் தீருமா?

சோப்பு காரணமல்ல, காய்வதற்கு ஆகும் நேரம்தான் காரணம். மெதுவாகக் காயும் துணியில் கிருமிகள் பெருகி, அந்த ஈரவாடையை உண்டாக்கும் பொருளை வெளிவிடுகின்றன. மொராக்செல்லா ஒஸ்லோயென்சிஸ் என்ற கிருமி இதில் முக்கியமானது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்டார்கள். ஆகவே, துவைத்து முடிந்ததும் இயந்திரத்துக்குள் துணியைக் கிடக்க விடாதீர்கள். பிழியும் சுற்றை மட்டும் இரண்டாம் முறை ஓட்டுங்கள். வாடை ஏறிவிட்ட துண்டுகளைச் சுடுநீரில் துவையுங்கள்.

ஒரு முறை துவைத்த துணியிலிருந்து இரண்டு லிட்டருக்கு மேல் நீர் வீட்டுக் காற்றில் கலக்கக்கூடும். ஜன்னல்களை எல்லாம் மூடிவைத்தால் அது சுவரில் பூஞ்சையாகத் தெரியும். மழை சாய்ந்து அடிக்காத பக்கத்து ஜன்னலை நான்கு விரலாவது திறந்து வையுங்கள். காலுறை, உள்ளாடை ஆகியவற்றுக்கு வட்டமாகக் கிளிப் தொங்கும் ஹேங்கர் ஒன்று வாங்கிச் சமையலறை எக்ஸாஸ்ட் விசிறிப் பக்கம் மாட்டினால், கொடியில் அந்த இடம் பெரிய துணிக்குக் கிடைக்கும்.

மடக்கு ஸ்டாண்டு வாங்கலாமா?

இடம் இருந்தால் வாங்கலாம். மேல்தட்டுக் கம்பிகளுக்கு இடையில் ஒரு கை நுழையாவிட்டால் வேண்டாம். கால்களின் மூட்டில் பிளாஸ்டிக்குக்குப் பதிலாக இரும்பு ரிவெட் இருக்கிறதா என்று பாருங்கள், உடைவது அங்கேதான்.

இவற்றை எங்கே வாங்குவது?

மொத்தமாக வேண்டும் என்றால் கிராஃபர்ட் மார்க்கெட் பக்கமும் லோஹார் சாலிலும் எல்லா வகையும் கிடைக்கும். லோக்கல் ரயிலின் பெண்கள் பெட்டியில் விற்கும் கிளிப்பையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஒன்றை வாங்கி, அழுத்திப் பார்த்து, வாய் இரண்டும் முழுதும் பொருந்துகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால், மெல்லிய துணி நழுவும்.

கிளிப்பைக் கொடியிலேயே விட்டுவைக்கலாமா?

வேண்டாம். துணியை எடுக்கும்போதே கிளிப்பையும் எடுத்து, அடியில் ஓட்டை போட்ட டப்பாவிலோ வலைப்பையிலோ போட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்கவிடுங்கள். என் மனைவி பழைய அரிசிப்பையின் வலைத்துண்டில் நாடா கோத்துத் தைத்த பையைத்தான் நாங்கள் பயன்படுத்துகிறோம். அதில் கிடக்கும் மரக் கிளிப்புகளில் சில என் மகள் பள்ளியில் சேர்ந்த ஆண்டு வாங்கியவை. அவள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள்.